சான்-மாலோவில் ஓய்வூதியமும் பாய்மரமும்

வணக்கம் நேயர்களே. பிரான்சின் வடமேற்குக் கரையில் இருக்கிறது சான்-மாலோ துறைமுகம். 1746-இல் சென்னையின் புனித ஜார்ஜ் கோட்டையைப் பிடித்த லா பூர்தொனே பிறந்த ஊர் அது. பிரெஞ்சு இலக்கியம் கற்பித்து ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் அங்கே ஒரு சிறிய பாய்மரப் படகை வாங்கி நிறுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடலில் பாய்மரப் படகு ஓட்ட அந்த நாட்டில் உரிமம் தேவையில்லை. துணை மோட்டார் இருந்தாலும் தேவையில்லை. ஆனால் கணக்குத் தெரிய வேண்டும்.

புதிதாக வருபவர்கள் காற்றைப் பற்றியே கவலைப்படுவார்கள். அந்த ஊரில் முதலில் பார்க்க வேண்டியது ஓதத்தைத்தான். சென்னையில் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டர் அளவுக்குத்தான். சான்-மாலோவில் பெரிய உவா நாட்களில் (அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி) அது 12 மீட்டரைத் தாண்டும். ஓதத்தின் பருமனுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் 20 முதல் 120 வரை ஓர் எண் கொடுப்பார்கள். 95-ஐத் தாண்டினால் பெரிய ஓதம், 45-க்குக் கீழே சின்ன ஓதம்.

பா-சாப்லோன் படகுத்துறையின் வாயிலில், நீருக்கடியில் ஒரு தடுப்புச்சுவர் உண்டு. கடல் வற்றும்போது உள்ளே தண்ணீர் தங்குவதற்காகக் கட்டியது. கடல் வரைபடத்தின் சுழி மட்டத்திலிருந்து, அதாவது கடல் மிக அதிகமாக வற்றும்போது இருக்கும் மட்டத்திலிருந்து, அதன் உயரம் 2 மீட்டர். படகின் அடிப்பாகம் 1.5 மீட்டர் அமிழும், பாதுகாப்புக்கு அரை மீட்டர். ஆக, அட்டவணைக் கணக்கில் 4 மீட்டர் நீர் வந்தால்தான் வாயிலைக் கடக்கலாம்.

அது எப்போது வரும்? தாழ்நீர் 1 மீட்டர், உயர்நீர் 13 மீட்டர் என்றால் ஏற்றம் 12. இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தை ஆறு கூறாக்குங்கள். நீர் முதல் கூறில் 1 மீட்டர், அடுத்ததில் 2, பிறகு 3, 3, 2, 1 என்று ஏறும். இரண்டு கூறு முடியும்போது 4 மீட்டர். வாயில் திறந்தாயிற்று. இலக்கியப் பேராசிரியருக்கும் இந்தக் கணக்கு வரும்! ஒரு கூறு சரியாக ஒரு மணி நேரம் என்று எண்ணிவிடக் கூடாது; அங்கே ஏற்றம் இறக்கத்தைவிடச் சீக்கிரம் முடியும்.

தவறு பெரும்பாலும் வேறிடத்தில் நேர்கிறது. அச்சிட்ட அட்டவணை குளிர்கால நேரத்தில் இருக்கும். கோடையில் ஒரு மணி நேரம் கூட்டாவிட்டால், நீர் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கும்போதே ஏறத் தொடங்கிவிட்டதாக நினைப்போம். வானிலையும் கணக்கை மாற்றும். காற்றழுத்தம் 1013-க்கு மேல் ஏறும் ஒவ்வொரு ஹெக்டோபாஸ்கலுக்கும் நீர்மட்டம் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் குறையும். 1033 காட்டும் தெளிவான நாளில் 20 சென்டிமீட்டர் போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் திரும்பியாக வேண்டியவர்கள்தான் வாயிலில் அவசரப்படுகிறார்கள். ஓய்வூதியக்காரருக்கு அந்த நெருக்கடி இல்லை. அட்டவணை சொல்லும் நாளில் புறப்படலாம், வெளியே நங்கூரமிட்டுக் காத்திருக்கவும் செய்யலாம். என்னைக் கேட்டால், இதுதான் அவருடைய பெரிய பலம்.

இரட்டை அடிக்கட்டை உள்ள படகு என்றால், அந்தக் கரைக்கு அப்பால் உள்ள ஷோசே தீவுகளின் மணலில் வற்றவிட்டு உட்கார வைக்கலாம். முந்தைய தாழ்நீரில் நடந்து போய், கல் இருக்கிறதா என்று தரையைப் பார்த்துவிட வேண்டும். உவா கழிந்து ஓதம் நாளுக்கு நாள் சிறுக்கத் தொடங்கியபின், உயர்நீரின் உச்சத்தில் மேட்டில் ஏற்றக் கூடாது. அடுத்த உயர்நீர் அந்த மட்டத்தைத் தொடாது; படகை மிதக்க வைக்கக் கிட்டத்தட்ட இரண்டு வாரம் காத்திருக்க நேரும். ஓதம் வளரும் நாட்களில் ஏற்றினால் அடுத்த உயர்நீரிலேயே கிளம்பிவிடலாம்.