ஃபேன் சுற்றுகிறது, திரை வரவில்லை: மதர்போர்டை மாற்றலாமா?

வணக்கமுங்க. வந்த கேள்விகளில் இன்றைக்கு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கேட்டவர் பல்லடம் பக்கத்திலிருந்து ஒரு அம்மணி. பனியன் கம்பெனிகளுக்குப் பிரிண்ட் டிசைன் போட்டுக் கொடுக்கிறார். பாகங்களைத் தனித்தனியாக வாங்கி, நாலு வருடம் முன்னால் அவருடைய தம்பி வீட்டிலேயே பொருத்திக் கொடுத்த கம்ப்யூட்டர். அவர் எழுதியதைப் படிக்கிறேன்.

"அண்ணா, வேலை செய்துகொண்டிருக்கும்போதே கம்ப்யூட்டர் தானாக ஆஃப் ஆகி ஆன் ஆகிறது. பக்கத்தில் தறிக்குடோன் இருக்கிறது, தறி ஓட்ட ஆரம்பிக்கும் நேரத்தில் இது அதிகம். அப்புறம் சில நாள் காலையில் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வருவதில்லை. மூன்று நாலு தடவை போட்டால் வருகிறது. கடையில் மதர்போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றலாமா?"

வேண்டாம் அம்மணி, இப்போதைக்கு மாற்ற வேண்டாம். நீங்கள் எழுதியதில் மதர்போர்டின் மேல் குற்றம் சொல்ல ஒரு ஆதாரமும் இல்லை. ஆனால் நீங்களே அறியாமல் இரண்டு நல்ல துப்புக் கொடுத்திருக்கிறீர்கள். தறி ஓடத் தொடங்கும் நேரம் என்றீர்கள். காலையில் முதல் தடவை வராது, மூன்றாவது தடவை வரும் என்றீர்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு மின்சாரம் வரும் வழியின் மேல்தான் சந்தேகம்.

ஒரு மோட்டார் கிளம்பும்போது, ஓடுகையில் இழுப்பதைப் போல ஐந்து ஆறு மடங்கு கரண்டை ஒரு கணம் இழுக்கும். குடோனில் வரிசையாகத் தறி கிளம்பினால் அதே லைனில் இருக்கிற வீட்டில் பல்பு ஒருமுறை மங்கி எழும். நம் ஊரில் தறி இல்லாவிட்டால் போர் மோட்டார், அதுவும் இல்லாவிட்டால் கிரைண்டர், ஏதோ ஒன்று லைனில் இருக்கத்தான் செய்யும். ஆனால் 230 வோல்ட் 180-க்கு இறங்கினாலும் நல்ல நிலையில் இருக்கிற எஸ்.எம்.பி.எஸ், அதாவது வீட்டுக் கரண்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றித் தருகிற பெட்டி, கண்டுகொள்ளாது. இப்போது வருபவற்றில் பல 100 வோல்ட்டிலிருந்து 240 வோல்ட் வரை வேலை செய்யும்படி செய்தவை. அப்படியிருக்க உங்கள் கம்ப்யூட்டர் ஏன் விழுகிறது?

கரண்ட் போனால் பேட்டரியில் ஓட்டுகிற யுபிஎஸ் வைத்திருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. வைத்திருந்தால் முதல் சந்தேகம் அதன் மேல். வோல்டேஜ் இறங்கியவுடன் யுபிஎஸ் டக்கென்று பேட்டரிக்கு மாறும். பேட்டரி செத்திருந்தால் மாறிய அந்த நொடியே எல்லாம் அணையும், லைன் சரியானதும் திரும்ப வரும். பார்ப்பவருக்குக் கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆன மாதிரிதான் தெரியும். சோதிப்பது சுலபம். கம்ப்யூட்டரைக் கழற்றிவிட்டு, யுபிஎஸ்ஸில் ஒரு 60 வாட் குண்டு பல்பை மட்டும் போட்டு எரியவிடுங்கள். யுபிஎஸ்ஸுக்கு வரும் கரண்டைச் சுவிட்சில் நிறுத்துங்கள். பல்பு சில நிமிடமாவது எரிய வேண்டும். உடனே அணைந்தால் பேட்டரியை மாற்றுங்கள், பாதி வழக்கு முடிந்தது.

பல்பு நன்றாக எரிகிறதா? அப்படியானால் இப்போது கம்ப்யூட்டரை அதில் போட்டு, வேலையையெல்லாம் சேமித்துவிட்டு, அதே மாதிரி கரண்டை நிறுத்திப் பாருங்கள். பல்பைத் தாங்கிய யுபிஎஸ்ஸில் கம்ப்யூட்டர் மட்டும் விழுந்தால் பேட்டரி பல்பைவிடப் பெரிய சுமையைத் தாங்காமலும் இருக்கலாம், ஆனால் என் சந்தேகம் எஸ்.எம்.பி.எஸ் மேல்தான். காரணம் சொல்கிறேன். யுபிஎஸ் பேட்டரிக்கு மாற ஒரு சில மில்லி செகண்ட் இடைவெளி விழும். அந்த இடைவெளியை எஸ்.எம்.பி.எஸ் தன் உள்ளே இருக்கிற பெரிய கெப்பாசிட்டரில் தேக்கி வைத்ததைக் கொண்டு ஓட்ட வேண்டும். புதிதாக இருக்கும்போதே முழு லோடில் சுமார் 16 மில்லி செகண்ட்தான் தாங்கும். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஒரு சுற்றே 20 மில்லி செகண்ட், அதாவது ஒரு சுற்றுக்கும் குறைவு. வருடக்கணக்கில் சூட்டில் இருந்து கெப்பாசிட்டர் காய்ந்துபோனால் அந்தத் தாக்குப்பிடிக்கும் நேரமும் சுருங்கிவிடும்.

காலைப் பிரச்சினையும் இங்கேதான் வந்து சேர்கிறது. காய்ந்த கெப்பாசிட்டர் குளிரில் இன்னும் மோசமாக நடந்துகொள்ளும், சித்த நேரம் கரண்ட் ஓடிச் சூடானால் தேறும். எஸ்.எம்.பி.எஸ்ஸிலிருந்து மதர்போர்டுக்குப் போகிற கம்பிகளில் ஒன்று, பழைய நிறக் கணக்கில் சாம்பல் நிறம், "வோல்டேஜ் எல்லாம் சரியாக இருக்கிறது, நீ ஆரம்பிக்கலாம்" என்று சொல்கிற கம்பி. அந்தச் சைகை வராதவரை மதர்போர்டு ப்ராசஸரை ஓடவிடாது. ஃபேன் மட்டும் சுற்றும், திரை கறுப்பாக நிற்கும். ஃபேன் சுற்றுவதால் கரண்ட் சரியாக வருகிறது, ஆகவே போர்டுதான் போய்விட்டது என்று முடிவு கட்டுவது இந்த இடத்தில்தான் தவறிப்போகிறது.

இதில் எனக்கு ஒரு வருத்தமான அனுபவம் உண்டு. சில வருடம் முன்னால் என் சொந்த கம்ப்யூட்டர் இதே மாதிரி விழுந்துகொண்டிருந்தது. முதலில் ரேம் (நினைவகத் தகடு) மாற்றினேன், அப்புறம் மதர்போர்டும் மாற்றினேன். ஒரு நாள் பொழுதோட மேசையை நகர்த்தும்போது ஜங்ஷன் பாக்ஸில் கை பட்டது, சுட்டது. பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தால் ஒரு பின் மட்டும் நுனியிலிருந்து பாதி வரை கறுத்து, பக்கத்துப் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தது. சாக்கெட்டுக்குள் இருக்கிற பித்தளை இதழ் தளர்ந்து, பின்னைச் சரியாகக் கவ்வவில்லை. மேசை ஆடும்போதெல்லாம் அங்கே சன்னமாகப் பொறி அடித்திருக்கிறது. சாக்கெட்டை மாற்றியதோடு சரியாகிவிட்டது. அதனால்தான் உங்களிடம் சுவரிலிருந்து தொடங்கச் சொல்கிறேன். பிளக்கைப் பிடுங்கிப் பின்னைப் பாருங்கள். இரண்டு நாள் யுபிஎஸ், ஜங்ஷன் பாக்ஸ் எதுவும் இல்லாமல் நேராகச் சுவர் சாக்கெட்டில் ஓட்டிப் பாருங்கள்.

அப்படியே கேபினட்டின் இரும்பைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சுர்ரென்று லேசாக உறைக்கிறதா? எஸ்.எம்.பி.எஸ்ஸின் உள்ளே இரைச்சலை எர்த்துக்குத் தள்ளிவிட சின்னக் கெப்பாசிட்டர்கள் உண்டு. எர்த் இல்லாவிட்டால் அந்தக் கசிவு போக இடமில்லாமல் கேபினட்டில் நிற்கும். இது கம்ப்யூட்டரின் பழுது இல்லை, வீட்டு வயரிங்கின் பழுது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிசெய்யுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

சரி, இனி கேபினட்டைத் திறக்கலாம். பவர் கார்டைப் பிடுங்கி, பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்சக் கரண்டை இறக்கிவிட்டுத் திறங்கள். எஸ்.எம்.பி.எஸ் பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்கும் திறக்காதீர்கள். அதன் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நிற்கும்.

பல்லடத்தில் இருக்கிறீர்கள், பஞ்சு நிச்சயமாக இருக்கும். ப்ராசஸர் கூலரின் ஃபேனைக் கழற்றிப் பார்த்தால் அதன் அடியில், தகடுகளின் மேல், சாம்பல் நிறத்தில் கம்பளித் துணி மாதிரி ஒரு படலம் படிந்திருக்கும். ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் காற்று அதைத் தாண்டிப் போகாது. விரலால் முழுதாக உரித்தெடுத்துவிட்டு மிச்சத்துக்குப் புளோயர் அடியுங்கள், அடிக்கும்போது ஃபேனைச் சுற்றவிடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். ஆனால் சூட்டினால்தான் ரீஸ்டார்ட் ஆகிறது என்று நான் நினைக்கவில்லை. சூடு ஏறினால் ப்ராசஸர் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், டிசைன் சாஃப்ட்வேர் இழுக்க ஆரம்பிக்கும், அதற்கும் மேலே போனால்தான் அணையும். நீங்கள் மெதுவாவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்தது ரேம். திரை வராத கம்ப்யூட்டர்களில் ஒரு நல்ல பங்கு இதைக் கழற்றி மாட்டினாலே சரியாகிவிடும். பென்சில் அழிக்கும் ரப்பரால் பொன்னிறக் கோடுகளை மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு, ஒரே ஒரு ரேமை மட்டும் மாட்டுங்கள். நாலு ஸ்லாட் இருந்தால் பெரும்பாலான போர்டுகளில் ப்ராசஸர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவது ஸ்லாட். க்ளிக் என்று கவ்வும்வரை அழுத்துங்கள். ஒரு ரேமோடு நாலைந்து காலை பாருங்கள், அப்புறம் மற்றதை மாட்டிப் பாருங்கள். இரண்டையும் ஒட்டுக்கா மாற்றிவிட்டால் எது குற்றவாளி என்று தெரியாமலே போகும்.

திரை வராத காலையில் இன்னொன்றும் செய்யுங்கள். போர்டின் ஓரத்தில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று எழுதி நாலு குட்டி விளக்கு இருக்கிறதா என்று பாருங்கள். எல்லா போர்டிலும் இருக்காது. இருந்தால் எந்த விளக்கில் நிற்கிறதோ அதைச் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். கடிகாரம் தப்பு நேரம் காட்டினால் போர்டிலிருக்கிற 3 வோல்ட் பட்டன் பேட்டரியை மாற்றிவிடுங்கள், சிஆர் 2032 என்று கேட்டால் தருவார்கள்.

நடந்ததையெல்லாம் விண்டோஸ் குறித்து வைக்கிற ஈவென்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்று ஒன்றைப் பார்த்துப் பயந்து சிலர் எழுதுகிறார்கள். அது "முறையாக மூடாமல் அணைந்தது" என்று மட்டும்தான் சொல்கிறது, ஏன் என்று சொல்லாது. ஆனால் அதிலிருக்கிற நேரம் உங்களுக்கு உதவும். தறி கிளம்புகிற நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இந்தச் சோதனைகளுக்கெல்லாம் பைசா செலவில்லை. இதற்குப் பிறகும் சரியாகாவிட்டால் தம்பியிடமோ தெரிந்தவரிடமோ நல்ல எஸ்.எம்.பி.எஸ் ஒன்றை ஒரு வாரம் கடனாக வாங்கிப் போட்டுப் பாருங்கள். கேபிள் கழற்றி மாட்டுகிற வகை என்றால் அதனுடைய கேபிளையே போடுங்கள். பழைய கேபிளைப் புதியதில் மாட்டாதீர்கள், பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஹார்ட் டிஸ்க் எரிந்து உங்கள் டிசைன் எல்லாம் போய்விடும். அந்த ஒரு வாரம் விழாமல் ஓடினால் பழைய எஸ்.எம்.பி.எஸ்ஸின் பில்லைத் தேடுங்கள். ஐந்து வருட வாரண்டி உள்ளவை நிறைய உண்டு, உங்களுடையதற்கு நாலு வருடம்தான் ஆகிறது.

அந்த வாரத்திலும் விழுந்தால், ஒரு ரேமோடு, நேராகச் சுவர் சாக்கெட்டில், வேறு எஸ்.எம்.பி.எஸ்ஸிலும் விழுந்தால், அப்போது மதர்போர்டைச் சந்தேகிக்கலாம். அப்போதும் கடைக்காரரிடம் வேறொரு போர்டில் உங்கள் ப்ராசஸரையும் ரேமையும் போட்டு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். காட்டிய பிறகு பணம் கொடுங்கள். பல்பு சோதனையில் என்ன ஆனது, எந்த விளக்கில் நின்றது என்று எனக்கு எழுதுங்கள் அம்மணி, அடுத்த வீடியோவில் அதிலிருந்தே தொடங்குகிறேன்.