யார் கையெழுத்துப் போடுவது?

வணக்கம். இந்த மழையிலும் மயிலாப்பூர் வந்து சேர்ந்திருக்கிறீர்கள், சந்தோஷம்.

"ஒரு என்.ஜி.ஓ. ஆரம்பிக்கணும் சார்" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "உங்களுக்குள் சண்டை வந்தால் யார் பேச்சு எடுபட வேண்டும்?" நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில் அபசகுனமா என்று முகம் சுளிப்பார்கள். ஆனால் டிரஸ்ட் என்கிற அறக்கட்டளை, சங்கம், கம்பெனி மூன்றுக்கும் உள்ள வித்தியாசமே அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

பச்சையப்ப முதலியாரை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்கார வியாபாரிகளுக்கு மொழிபெயர்த்து இடையில் நின்ற துபாஷியாகப் பெரும் செல்வம் சேர்த்தவர். கோயில்களுக்கும் தருமங்களுக்கும் என்று உயில் எழுதிவைத்துவிட்டு 1794இல் கண்மூடினார். உயிலை நிறைவேற்ற வேண்டியவர்கள் ஒழுங்காகச் செய்யவில்லை. வழக்கு, இழுபறி. கடைசியில் நீதிமன்றம் தலையிட்டுத்தான் பணம் வழிக்கு வந்தது. அவர் பெயரில் பள்ளி திறந்தது 1842இல். இடையில் போனது 48 வருஷம்.

டிரஸ்டின் பலமும் பலவீனமும் அதுதான்: எழுதிவைத்தவர் பேச்சு அவருக்குப் பிறகும் நிற்கும், ஆனால் அது நடப்பது பொறுப்பில் இருப்பவர்கள் கையில். சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிந்தால் முடிந்தது. மகாராஷ்டிரத்தில் பொது அறக்கட்டளைகளுக்கென்றே 1950ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, கண்காணிக்க ஆணையரும் உண்டு. இங்கே, அறநிலையத் துறையின் கீழ் வருபவை போன்றவற்றை விட்டுவிட்டால், அப்படிப் பொதுவான சட்டம் கிடையாது. பத்திரத்தில் எழுதியதுதான் வேதம். அதையோ பக்கத்துத் தெரு டிரஸ்டிடம் வாங்கிக் காப்பி அடிக்கிறோம்!

எனக்குத் தெரிந்த ஒரு கணவனும் மனைவியும் ஏழைப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தினார்கள். இரண்டே டிரஸ்டிகள். கணவர் காலமானார். குறைந்தது இரண்டு பேர் இருக்க வேண்டும் என்றது பத்திரம். அடுத்தவரை யார் நியமிப்பது என்று ஒரு வரி இல்லை. காசோலைக்கு இரண்டு கையெழுத்து வேண்டும் என்றது வங்கி. நான்கு மாதம் வகுப்பு நின்றது. பணம் கணக்கில் பத்திரமாக இருந்தது, அதில் குறையில்லை.

சங்கம் வேறு மாதிரி. 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். பொதுக்குழு, தேர்தல், வருஷாவருஷம் பதிவாளருக்குக் கணக்கு. அடையாறு பிரம்மஞான சபைகூட 1905இல் பழைய 1860ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவான சங்கம்தான். இதில் ஆரம்பித்தவரையே ஓட்டுப்போட்டு வெளியே அனுப்பலாம். ஜனநாயகம் நல்லதுதான், நம் தலையில் விழாத வரைக்கும்.

செக்ஷன் 8 கம்பெனி என்பது 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தில் வருவது. பழைய சட்டத்தில் 25ஆம் பிரிவு. லாபம் வரலாம், பங்குதாரருக்கு டிவிடெண்ட் தரக்கூடாது. ஆடிட், வருடாந்தரத் தாக்கல் எல்லாம் கறார். பெரிய நன்கொடை தேடுபவர்களுக்குச் சரி. நாலு பேர் சேர்ந்து நடத்தும் நூலகத்துக்கு இது யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை.

பதிவு ஆகிவிட்டால் வரிவிலக்கும் வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். 12ஏ (அமைப்பின் வருமானத்துக்கு விலக்கு), 80ஜி (நன்கொடை கொடுப்பவருக்கு வரிச்சலுகை) என்று நாம் சொல்லிப் பழகியவை தனி விண்ணப்பங்கள். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால், கொடுத்தவருக்கு 80ஜி சலுகை கிடையாது. அப்புறம், நன்கொடை அனுப்புகிற அமெரிக்கா அத்தை. அவர் இந்தியப் பாஸ்போர்ட்டோடு இருந்து சொந்தச் சேமிப்பிலிருந்து அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டாரா, எஃப்.சி.ஆர்.ஏ. எனும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி அனுமதி இல்லாமல் தொடாதீர்கள். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் முதலில் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக்குத்தான் வர வேண்டும்.

என்ன தம்பி, கை தூக்குகிறீர்கள்? ஐந்து பேர்தான் இருக்கிறீர்களா? சங்கத்துக்கு இரண்டு பேர் குறைகிறது. அதற்காக மைத்துனரையும் மாமனாரையும் சேர்த்துக் கணக்குக் காட்டாதீர்கள். கூட்டத்துக்கு நேரில் வந்து, "இந்த ரசீது எங்கே?" என்று கேட்கிற ஆள் இரண்டு பேரைத் தேடுங்கள்.