ஊசிக்கு அடங்கிய பேஸ்

நேயர்களுக்கு வணக்கம். காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில், பித்தளைச் செம்புக்கும் எனாமல் தூக்குக்கும் நடுவே, எப்போதாவது அறுபதுகளின் ராக் இசைத்தட்டு ஒன்று தலைகாட்டும். வாங்கிப் போகும் பிள்ளைகள் இரண்டு நாளில் வந்து, "அண்ணே, இதில் பேஸ் எங்கே போனது?" என்பார்கள். பேஸ் என்றால் பாட்டின் அடியில் முழங்கும் தாழ்ந்த ஒலி; அதை வாசிக்கும் கிட்டாருக்கும் அதே பெயர்தான்.

எங்கும் போகவில்லை, அடக்கி வைத்திருக்கிறார்கள். இசைத்தட்டில் ஒலி என்பது தடத்தின் நெளிவு. ஒலி கீழே இறங்க இறங்க நெளிவு அகலமாகும். அகலம் மிஞ்சினால் தட்டில் நேரம் குறையும், ஊசியும் துள்ளும். ஆகவே தட்டை வெட்டும்போது பேஸைக் குறைப்பது, கேட்கும்போது ஆம்ப்ளிஃபயர் அதைக் கூட்டித் தருவது என்று 1954-இல் அமெரிக்காவில் பொதுக் கணக்கு ஒன்று வகுத்தார்கள். அதற்கு மேலும் பயந்து குறைத்த பொறியாளர்கள் உண்டு.

லண்டன் இஎம்ஐ என்ற இசைத்தட்டு நிறுவனம் அப்படிப்பட்ட இடம். அமெரிக்கத் தட்டுகளின் பேஸ் தங்களுக்கு வாய்க்கவில்லையே என்பது அங்கே பதிவு செய்த பீட்டில்ஸ் குழுவின் மனக்குறை. 1966-இல் அவர்களின் 'பேப்பர்பேக் ரைட்டர்' பாட்டுப் பதிவில் ஒலிப் பொறியாளர் ஜெஃப் எமரிக், குழுவின் பேஸ் வாசிப்பாளர் பால் மெக்கார்ட்னியின் ஸ்பீக்கருக்கு எதிரே மைக்குக்குப் பதிலாக இன்னொரு ஸ்பீக்கரையே நிறுத்தி ஒலியைப் பிடித்தார். கிறுக்குத்தனம்தான். ஆனால் அந்த பேஸ் பாட்டையே இழுத்துக்கொண்டு ஓடுகிறது.

பேஸ் கிட்டாரின் தொனிக்குக் கம்பியும் காரணம். அன்று பலர் மாட்டியது தட்டை நாடா சுற்றிய கம்பி. 'தும்' என்று விழுந்து சட்டென அடங்கும். பிறகு உருண்டைக் கம்பி சுற்றியவை வந்தன. தி ஹூ என்ற ஆங்கில ராக் குழுவின் ஜான் என்ட்விசில் அவற்றில் பியானோவைப் போலக் கணீரென்று வாசித்தார்.

1982-இல் சிடி வந்ததும் ஊசி பயம் தீர்ந்தது. நான்கு கம்பி பேஸின் அடிச்சுரம் 41 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 41 அதிர்வு. ஐந்து கம்பியில் 31. ஆழம் கிடைத்தது, மகிழ்ச்சி. ஆனால் கூடவே, யார் தட்டு அதிகச் சத்தம் என்ற போட்டியும் வந்தது. மெட்டாலிக்கா என்ற அமெரிக்கக் குழுவின் 2008 'டெத் மேக்னடிக்' ஆல்பத்தில் சத்தத்தின் ஏற்ற இறக்கத்தை நசுக்கியே விட்டார்கள். மறுபடி மாஸ்டரிங், அதாவது வெளியீட்டுக்கு முந்திய கடைசி ஒலிச் சீரமைப்பு, செய்யச் சொல்லி ரசிகர்களே மனுப் போட்டார்கள். எனக்கும் அதை முழுதாகக் கேட்கப் பொறுமை கிடையாது.

இப்போது நீங்கள் கேட்கும் சிறிய வானொலிப் பெட்டியில் 41 ஹெர்ட்ஸ் வரவே வராது. அதோடு சேர்ந்து ஒலிக்கும் மேற்சுரங்களை வைத்துக் காது ஊகித்துக்கொள்கிறது. பழைய பேஸ் சின்னப் பெட்டியிலும் எடுபடுவது அதனால்தான்.

நம் வீடுகளுக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். ஆத்தங்குடிக் கல் பாவிய பட்டாலையில், அதாவது கூடத்தில், ஸ்பீக்கரை மூலையில் வைத்தால் எந்தக் காலத்துப் பாட்டும் குமுறும். பேஸ் குமிழைத் திருகுமுன், ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னால் இழுத்து வையுங்கள். நன்றி.