பி.இ.யா, பி.டெக்.கா?

வானொலி நேயர்களுக்கு வணக்கம். பிளஸ் டூ மதிப்பெண் வந்தவுடன் எல்லார் வீட்டிலும் கட்-ஆஃப் கணக்குதான். கணிதம் 96, இயற்பியல் 92, வேதியியல் 88 என்றால், கணிதத்தை அப்படியே வைத்து மற்ற இரண்டையும் பாதியாக்கிக் கூட்ட, 200-க்கு 186 வரும். அடுத்த நிமிடமே கம்ப்யூட்டர் சயின்ஸா, ஐ.டி.யா என்று பட்டிமன்றம் தொடங்கிவிடும்.

அண்ணா பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தால் பி.இ. பட்டம், ஐ.டி. படித்தால் பி.டெக். இதை வைத்தே பி.டெக். ஒரு படி உசத்தி என்று நினைக்கிறவர்கள் உண்டு. இரண்டும் எட்டு செமஸ்டர் படிப்புதான், உசத்தி தாழ்த்தி கிடையாது.

சரி, பாடத்தில் எவ்வளவு வித்தியாசம்? பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனை, அதாவது அந்த ஆண்டு வந்த பாடத்திட்ட விதிகளை, எடுத்துக்காட்டாக எடுத்துக்கொள்வோம். பைத்தான், சி, டேட்டா ஸ்ட்ரக்சர், டேட்டாபேஸ், ஆப்பரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க் எல்லாம் இரு பிரிவுக்கும் உண்டு. மூன்றாம் ஆண்டை ஒட்டித்தான் பாதை பிரிகிறது. கம்ப்யூட்டர் சயின்ஸில் கம்பைலர் டிசைன், அதாவது நாம் எழுதும் நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் கம்பைலரை வடிவமைக்கும் பாடம், வருகிறது, ஐ.டி.யில் வெப் பாடங்கள் வருகின்றன.

சி நிரலில் ஐந்தாம் வரியின் கடைசியில் அரைப்புள்ளி விட்டுப்போனால், பிழை ஆறாம் வரியில் இருப்பதாகக் கம்பைலர் சொல்வதுண்டு. அடுத்த வரியின் முதல் சொல்லைப் படித்த பிறகுதான் அதற்கு இடறுகிறது. ஏன் அங்கே இடறுகிறது என்று நோண்டிப் பார்க்கத் தோன்றும் பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் பிடிக்கும். பஸ் டிக்கெட் பக்கத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் தகவல் எப்படி சர்வருக்குப் போய், டேட்டாபேஸைத் தொட்டு, திரும்பத் திரைக்கு வருகிறது என்று கட்டிப் பார்க்க ஆசைப்படும் பிள்ளைக்கு ஐ.டி. ஒத்துவரும். தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே பாடத்திட்டம் வகுப்பதால், அவர்கள் இணையதளத்தில் ஐந்து, ஆறாம் செமஸ்டர் பக்கங்களைப் பார்த்துவிடுவது நல்லது.

ஐ.டி. மாணவர்கள் சறுக்குகிற ஓர் இடம், எம்.டெக். சேர எழுதும் கேட் தேர்வு. இரு பிரிவினருக்கும் ஒரே தாள். 65 கேள்வி, 100 மதிப்பெண். அதில் 15 மதிப்பெண் பொதுத்திறனுக்குப் போக, மீதியில் கம்பைலர் பகுதியும் உண்டு. வகுப்பில் நடத்தாத பார்சிங்கை, அதாவது நிரலின் இலக்கணத்தைக் கம்பைலர் பிரித்துப் பார்க்கும் பாடத்தை, கடைசி இரண்டு மாதத்தில் தானாகப் படித்து முடிப்பது கஷ்டம். எம்.டெக். கனவு இருந்தால் மூன்றாம் ஆண்டிலேயே தொடங்கிவிட வேண்டும். அரசு வேலை விளம்பரங்களையும் கவனித்துப் படியுங்கள். தகுதிப் பட்டியலில் உங்கள் பட்டத்தின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். சாப்ட்வேர் நிறுவனங்கள் வளாகத் தேர்வில் பெரும்பாலும் இரண்டையும் ஒன்றாகவே கூப்பிடுகின்றன. அங்கே தடுக்குவது நிலுவையில் இருக்கும் அரியர்தான்.

ஆகவே, சுமாரான கல்லூரியின் கம்ப்யூட்டர் சயின்ஸைவிட நல்ல கல்லூரியின் ஐ.டி.யை மேலே வைக்கலாம் என்பதே என் கருத்து. நல்ல கல்லூரி என்று எதை வைத்துச் சொல்வது? நாக், என்.பி.ஏ. இரண்டும் தரம் பார்க்கும் அமைப்புகள். நாக் தரம் கல்லூரி முழுமைக்கும் தருவது, என்.பி.ஏ. அங்கீகாரம் பிரிவுவாரியாகத் தருவது. நீங்கள் சேரும் பிரிவுக்கு அது இருக்கிறதா, எந்த ஆண்டு வரை செல்லும் என்று கேளுங்கள். முடிந்தால் வேலைநாளில் நேரில் போய், லேப் நேரத்தில் ஒரு கம்ப்யூட்டருக்கு எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணுங்கள்.

கவுன்சலிங்கில் விருப்பப் பட்டியல் நிரப்பும்போது, 'இது நமக்கு எங்கே கிடைக்கும்' என்று பயந்து பிடித்த கல்லூரியைக் கீழே தள்ளிவிடுகிறார்கள். பட்டியல் மேலிருந்து கீழாகத்தான் பார்க்கப்படும். மேலே உள்ளது கிடைத்துவிட்டால், அந்த ஒதுக்கீட்டில் கீழே உள்ளதை யாரும் தொடமாட்டார்கள். இன்னொன்று, ஒரே கல்லூரியில் அரசு உதவி பெறும் பிரிவுக்கும் சுயநிதிப் பிரிவுக்கும் குறியீடு வேறு, கட்டணமும் வேறு. லாக் செய்வதற்கு முன்னால் பட்டியலை அச்செடுத்து, கல்லூரி எண்ணையும் பிரிவுக் குறியீட்டையும் விரல் வைத்து வரிவரியாகப் பாருங்கள். வணக்கம்.