ஃபிலடெல்ஃபியா தேடிப் பிடித்த ஆட்கள்

நண்பர்களே, வணக்கம். முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறார்களே, அந்த அமெரிக்கக் கால்பந்து பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். அதிலும் களத்தில் இறங்காத ஒருவரைப் பற்றி. ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணிக்கு ஆள் சேர்க்கும் ஜெனரல் மேனேஜர் ஹோவி ரோஸ்மன்.

இந்த ஆட்டத்தின் தொழில்முறைப் போட்டியான என்எஃப்எல்லில் ஆண்டுதோறும் டிராஃப்ட் நடக்கும். கல்லூரியிலிருந்து வரும் இளைஞர்களை 32 அணிகளும் முறைவைத்து எடுத்துக்கொள்ளும். ஏழு சுற்றுகள். ஓர் அணிக்கு ஏழெட்டுப் பேர் கிடைப்பார்கள். அவர்களிலும் பலர் நிலைப்பதில்லை. அணிக்கு வேண்டியதோ 53 பேர். மிச்சத்தைப் பணத்தைக் கொட்டி வாங்கிவிடலாமே என்றால், அதற்கும் வழியில்லை. சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. 2024இல் அது அணிக்கு 25.54 கோடி டாலர்.

அதே 2024இல் ரோஸ்மன் என்ன செய்தார்? பரம எதிரியான நியூயார்க் ஜயன்ட்ஸ் போகவிட்ட, பந்தோடு ஓடுவதில் வல்லவரான சேக்வான் பார்க்லியை அழைத்துவந்தார். அந்தப் பருவத்தில் பார்க்லி ஓடியது 2,005 கெஜம். சரி, அவர் ஏற்கெனவே நட்சத்திரம். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது ஸாக் பான் கதை.

நியூ ஆர்லியன்ஸ் அணியில் நான்கு பருவம் இருந்த தடுப்பாட்டக்காரர் பான். அங்கே அவருக்குப் பெரும்பாலும் கிக் அடிக்கும் நேரத்து வேலைதான். ரோஸ்மன் அவரை ஒரே ஓர் ஆண்டு ஒப்பந்தத்தில், சுமார் 35 லட்சம் டாலருக்கு எடுத்தார். தடுப்பாட்டப் பயிற்சியாளர் விக் ஃபாஞ்சியோ அவரை விளிம்பிலிருந்து நடுவுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். இடம் மாறியதும் ஆளே மாறிவிட்டார்! அந்த ஆண்டே ஆல்-புரோ முதல் அணியில், அதாவது பருவத்தின் சிறந்த வீரர்கள் பட்டியலில், அவர் பெயர் வந்தது.

மெக்கை பெக்டனும் அப்படித்தான். நியூயார்க் ஜெட்ஸ் 2020இல் முதல் சுற்றில் எடுத்த ஆள். முழங்கால் காயத்தால் நொடிந்துபோனவர். முன்வரிசையின் ஓரத்தில் நின்று ஆடிப் பழகிய அவரை ஈகிள்ஸின் முன்வரிசைப் பயிற்சியாளர் ஜெஃப் ஸ்டவுட்லண்ட் உள்பக்கம் நிறுத்திப் பழக்கினார். பிறர் கைவிட்டவரை நம் பயிற்சியாளரால் என்னவாக ஆக்க முடியும் என்று முன்கூட்டியே கணிப்பதுதான் மேனேஜரின் திறமை என்பேன். மலிவாகக் கிடைக்கிறார் என்று எடுத்துப்போட்டால் நடக்காது.

டிராஃப்ட் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பார்க்லிக்கு வழி திறந்துவிட்ட முன்வரிசையில் முக்கால்வாசிப் பேர் ஈகிள்ஸ் டிராஃப்டில் எடுத்து வளர்த்தவர்கள். டிராஃப்ட் வாய்ப்பையே காசுபோலவும் செலவழிக்கலாம். 2022இல் டிராஃப்டின் 18ஆவது தேர்வு வாய்ப்போடு இன்னொன்றையும் டென்னசி அணிக்குக் கொடுத்து, பந்தைப் பிடிப்பதில் வல்லவரான ஏ.ஜே. பிரவுனை வாங்கினார் ரோஸ்மன்.

2025 பிப்ரவரி 9, என்எஃப்எல் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல். எதிரே கான்சஸ் சிட்டி. இரண்டாவது கால்பகுதியில் அவர்களின் பந்து எறிபவர் மஹோம்ஸ் எறிந்த பந்தை, 2024 டிராஃப்டில் ஈகிள்ஸுக்கு வந்த கூப்பர் டீஜீன் பறித்துக்கொண்டு எதிரணியின் எல்லைக்குள் ஓடி டச்டவுன் போட்டார். அப்புறம் மஹோம்ஸ் எறிந்த இன்னொரு பந்தை ஸாக் பான் பிடித்தார். அதைத் தொடர்ந்து ஈகிள்ஸின் பந்து எறிபவர் ஹர்ட்ஸ் வீசியதைப் பிரவுன் எல்லைக்குள் பிடித்தார். இடைவேளையில் ஈகிள்ஸ் 24-0 என முன்னிலை.