விர்ச்சுவல் மெஷினை மூட்டை கட்டுறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

வணக்கம் மக்களே. ஃபேன் சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க, ஆஃப் பண்ணா வேர்த்து ஊத்துது.

எங்க சித்தப்பா ஹார்ட்வேர் கடை வச்சிருக்காரு. ஒரு பழைய பில்லிங் சாஃப்ட்வேரை விட்டு மனுஷன் நகர மாட்டேங்கிறாரு. அதுக்காகவே விர்ச்சுவல்பாக்ஸ்ல விண்டோஸ் 7 போட்டுக் குடுத்திருந்தேன். கம்ப்யூட்டருக்குள்ளயே இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டுற சாஃப்ட்வேர் அது, உள்ள ஓடுறது தான் விர்ச்சுவல் மெஷின். இப்ப கடைக்குப் புது கம்ப்யூட்டர் வந்தாச்சு, மெஷினை அப்படியே அங்க மாத்தணும்.

ஸ்க்ரீனைப் பாருங்க. ஃபைல் மெனு, எக்ஸ்போர்ட் அப்ளையன்ஸ், மெஷினை செலக்ட் பண்ணி நெக்ஸ்ட், நெக்ஸ்ட். அவ்வளவுதான். ஆனா மெஷின் முழுசா ஷட்டவுன் ஆகியிருக்கணும். ‘சேவ்டு’ன்னு காட்டுச்சுன்னா அது தூங்குதுன்னு அர்த்தம். எழுப்பி, ஒழுங்கா ஷட்டவுன் பண்ணிட்டு வாங்க.

கிடைக்கிறது ஒரு ஓவிஏ ஃபைல். பேரு தான் பெருசு, உள்ளுக்குள்ள பல ஃபைலை ஒண்ணா கட்டி வைக்கிற சாதா டார் ஃபைல் தான். செவன்-ஸிப்ல திறக்குறேன் பாருங்க. இந்த ஓவிஎஃப் எக்ஸ்எம்எல், நோட்பேட்லயே படிக்கலாம், ராம் எவ்வளவு, சிபியூ எத்தனைன்னு எழுதியிருக்கு. இந்த விஎம்டிகே தான் டிஸ்க், அமுக்கி வச்சது.

இனிமே தான் விஷயமே. முதல் தடவை எனக்கு ஓவிஏ 19 ஜிபி வந்துச்சு. மெஷினுக்குள்ள போய் சி டிரைவைப் பாத்தா நிரம்பியிருக்கிறதே 11 ஜிபி! அமுக்குனது எப்படிங்க அசலை விடப் பெருசா வரும்?

விண்டோஸ்ல ஒரு ஃபைலை அழிச்சா, அட்டவணையில பேரை மட்டும் தான் அடிக்குது. சரக்கு அங்கேயே கிடக்கும். விர்ச்சுவல்பாக்ஸுக்கு எது பில்லு, எது குப்பைன்னு தெரியாது, எல்லாத்தையும் சேத்து மூட்டை கட்டிடும். சித்தப்பா பையன் போன வருஷம் ஏத்திப் பாத்துட்டு அழிச்ச படமெல்லாம் அதுல இருந்திருக்கு. வெளியாளுக்கு ஓவிஏ குடுக்கிறவங்க இதைக் கவனிங்க, அழிச்சதைத் தோண்டி எடுக்க முடியும்.

அந்தக் குப்பையைத் துடைக்க எஸ்டெலிட்னு மைக்ரோசாஃப்டோட குட்டி டூல் ஒண்ணு இருக்கு. ஹைஃபன் இஸட் போட்டு ஓடவிட்டா காலி இடம் முழுக்க பூஜ்யமா எழுதும். லினக்ஸ்னா டிடி கமாண்ட். பூஜ்யத்தை அமுக்குனா என்ன மிஞ்சும்? திரும்ப எக்ஸ்போர்ட் பண்ணேன், 6 ஜிபி.

அதை பென்டிரைவ்ல போட்டா, ஃபைல் பெருசுன்னு திட்டுது. 32 ஜிபி காலியா இருக்குடான்னா கேக்கல. ஃபேட்32 ஃபார்மட், ஒத்தை ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. எக்ஸ்ஃபேட்டா மாத்துனதும் வாங்கிக்கிச்சு.

ஸ்னாப்ஷாட், அதாவது மெஷினோட பழைய நிலையைப் பிடிச்சு வச்சது, எதுவும் கூட வராது, இப்ப இருக்கிற நிலை மட்டும் தான் போகும். மார்ச் கணக்கு முடிக்கிறதுக்கு முன்னாடி எடுத்து வச்ச ஸ்னாப்ஷாட் எனக்கு வேணும், அதனால பழைய மெஷினோட ஃபோல்டரையே தனியா காப்பி எடுத்துட்டேன்.

லினக்ஸ்ல விர்ச்சுவல் மெஷின் ஓட்டுற கேவிஎம் பக்கம் போறவங்க அந்த விஎம்டிகேவை உருவி, க்யூஇஎம்யூ-இமேஜ் கன்வெர்ட்ல அதுக்கேத்த க்யூகவ்2 டிஸ்க் ஃபைலா ஆக்கிக்கலாம். கமாண்ட் டிஸ்கிரிப்ஷன்ல.

அப்புறம் மேக் அட்ரஸ், நெட்வொர்க் கார்டோட அடையாள நம்பர். பழைய சாஃப்ட்வேர்ல சிலது லைசென்ஸை அதோட முடிச்சுப் போட்டிருக்கும். எக்ஸ்போர்ட்லயும் இம்போர்ட்லயும் மேக் அட்ரஸ் பாலிசின்னு ஒண்ணு வரும், ரெண்டுலயும் எல்லா அட்ரஸையும் சேக்கச் சொல்லிடுங்க. ஆனா பழைய மெஷினையும் அதே நெட்வொர்க்ல ஓட விடாதீங்க, முட்டிக்கும்.

நேத்து புது கம்ப்யூட்டர்ல முதல் பில்லு, அரை இன்ச் பிவிசி எல்போ பத்து. ஸ்க்ரீன்ல அழகா வந்துச்சு, பிரிண்டர் தான் அசைய மாட்டேங்குது. எந்த யூஎஸ்பி சாமான் மெஷினுக்குள்ள போகணும்னு சொல்ற யூஎஸ்பி ஃபில்டர்ல அதைச் சேக்கணும், இப்ப கடைக்குத் தான் கிளம்புறேன்.