விமான ஆர்வலர் அவையில் உரையாற்றுவோருக்கு

வானொலி நேயர்களுக்கு வணக்கம். விமான ஆர்வலர்கள் கூடும் மாநாடுகளில் கருத்தரங்க உரை நிகழ்த்த முன்வருவோர் அதற்கு எப்படித் தயாராக வேண்டும் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். அமெரிக்காவின் ஆஷ்கோஷ் நகரில் ஆண்டுதோறும் ஜூலை இறுதியில் நடைபெறும் பெருவிழாவானாலும், சிறியதொரு கழகத்தின் ஒருநாள் கூட்டமானாலும், அங்கே வந்து அமர்வோரிடம் ஓர் ஒற்றுமை உண்டு. பேச்சாளர் சொல்லப்போகும் செய்திகளில் பெரும்பகுதியை அவர்கள் முன்பே அறிந்திருப்பார்கள். மற்ற அவைகளில் செய்தி புதிதாக இருந்தாலே பேச்சு பாதி வென்றுவிடும். இந்த அவையில் அந்த உதவி கிடைக்காது.

இதை மறந்து தயாரிக்கப்படும் உரைகள் எப்படி அமைகின்றன என்பதை, அத்தகைய அரங்குகளில் அமர்ந்தவர்கள் நன்கு அறிவார்கள். விமானத்தின் நீளம், இறக்கை அகலம், எஞ்சினின் உந்துவிசை, பறக்கும் தொலைவு, தயாரிக்கப்பட்ட எண்ணிக்கை என ஒவ்வொன்றாகத் திரையில் வர, பேச்சாளர் திரையைப் பார்த்து அவற்றையே வாசிப்பார். அந்த எண்கள் யாவும் முன்வரிசையில் இருப்பவருக்கு விரல் நுனியில் இருப்பவை. அவர் எதிர்பார்த்து வந்தது, அந்த எண்களுக்குப் பின்னால் மனிதர்கள் என்ன முடிவெடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள் என்பதைத்தான்.

நான் எப்போதும் எடுத்துக்காட்டும் நிகழ்ச்சி ஒன்றை இங்கே சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். 1983 ஜூலை 23 அன்று, ஏர் கனடாவின் போயிங் 767 விமானம் ஒன்று மான்ட்ரியாலிலிருந்து ஒட்டாவா வழியாக எட்மன்டன் நோக்கிச் சென்றது. 41,000 அடி உயரத்தில் எரிபொருள் தீர்ந்து இரண்டு எஞ்சின்களும் நின்றுபோயின. ராபர்ட் பியர்சன் என்ற தலைமை விமானி, எஞ்சின் இல்லாமல் காற்றில் மிதந்து செல்லும் கிளைடர் ஓட்டிப் பழகியவர். துணை விமானி மொரிஸ் குவின்டல், கிம்லி என்ற ஊரின் பழைய விமானப்படைத் தளத்தில் பணியாற்றியவர். இருவரும் சேர்ந்து விமானத்தை அந்தத் தளத்தில் இறக்கினார்கள். அதன் ஓடுபாதையின் ஒரு பகுதியில் அன்று கார் பந்தயம் நடந்துகொண்டிருந்தது. விமானத்தில் இருந்த 69 பேரும் உயிர் பிழைத்தார்கள்.

ஆர்வலர் அவையில் இந்தக் கதையைத் தொடக்கத்திலிருந்து இறங்கிய நொடிவரை வரிசையாகச் சொல்வதில் பயன் குறைவு என்பது என் உறுதியான கருத்து. முடிவு எல்லோருக்கும் தெரியும். பிழைப்பார்களா என்ற பதைப்பு அங்கே எழாது. ஆனால், பழுத்த அனுபவமுள்ள விமானிகளும் தரைப் பணியாளர்களும் எரிபொருள் போதும் என்று எப்படி நம்பினார்கள் என்ற கேள்வியை முன்வைத்துப் பாருங்கள். அவை நிமிர்ந்து உட்காரும். அன்று எரிபொருள் அளவைக் காட்டும் கருவி பழுதாகியிருந்தது. ஆகவே தொட்டியில் அளவுகோல் வைத்து அளந்து, லிட்டர் கணக்கை எடைக் கணக்காக மாற்ற வேண்டியிருந்தது. பயணத்துக்குத் தேவை 22,300 கிலோ. லிட்டரை எதனால் பெருக்குவது என்ற இடத்தில் அவர்களிடம் இருந்த எண் 1.77.

இந்த இடத்தில் பேச்சாளர் நிறுத்திவிட்டு, கணக்கை அவையினரையே போடச் சொல்ல வேண்டும். தொட்டிகளில் மொத்தம் ஏறத்தாழ 12,600 லிட்டர். அதை 1.77 ஆல் பெருக்கினால் விடை ஏறத்தாழ 22,300. அவர்களுக்கு வேண்டிய அதே எண். கணக்குச் சரி, பெருக்கல் சரி, ஒருவருக்கு மேற்பட்டோர் சரிபார்த்தும் சரி. அதன் பிறகே 1.77 என்பது ஒரு லிட்டர் எரிபொருளின் எடை பவுண்டில் என்பதையும், கிலோவில் அது சுமார் 0.8 மட்டுமே என்பதையும் சொல்ல வேண்டும். உண்மையில் இருந்தது 10,000 கிலோவைச் சற்றே தாண்டிய அளவு. தேவையில் பாதிகூட இல்லை. அந்த நிறுவனத்தில் 767 விமானங்களே முதன்முதலாக மெட்ரிக் அளவில் வந்தவை என்பதையும் சேர்த்துச் சொன்னால், சற்று முன்பு தம் கையாலேயே அந்தப் பெருக்கலைச் செய்த ஒவ்வொருவரும், அந்தப் பணியாளர்களின் இடத்தில் தாமும் அப்படியே கையெழுத்திட்டிருப்போம் என்பதை உணர்வார்கள். படமோ அசையும் காட்சியோ தராத ஈடுபாட்டை ஒரு பெருக்கல் கணக்கு தருகிறது. மீண்டும் சொல்கிறேன்: முடிவு தெரிந்த கதையில் முடிவை மறைத்துப் பயனில்லை; காரணத்தை அவை தானே கண்டடையுமாறு அமைக்க வேண்டும்.

எண்களே கூடாது என்பது என் கருத்தன்று. ஓர் எண்ணைச் சொன்னால் அதைக் கண்ணால் காணும் ஓர் இடத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2003 இல் ஓய்வுபெற்ற கான்கார்ட் பயணிகள் விமானம் ஒலியின் இரு மடங்கு வேகத்தில் பறந்தபோது வெப்பத்தால் அதன் உடல் 15 முதல் 25 சென்டிமீட்டர் வரை நீண்டது. இதை மட்டும் சொன்னால் அது ஒரு தகவல். அந்த நீட்சியால் விமானப் பொறியாளரின் கருவிப் பலகைக்கும் சுவருக்கும் இடையே ஓர் இடைவெளி திறந்தது. கடைசிப் பயணங்களில் பொறியாளர்கள் சிலர் தங்கள் தொப்பியை அதில் செருகிவிட்டார்கள். விமானம் குளிர்ந்ததும் இடைவெளி மூடிக்கொள்ள, தொப்பி அங்கேயே சிக்கிக்கொண்டது. இப்படிச் சொன்னால் வீட்டுக்குப் போன பிறகும் அந்த எண் நினைவில் நிற்கும்.

படங்களைத் தேர்ந்தெடுக்கும்போது கண்டிப்பு வேண்டும். போயிங் 747-400 பற்றிப் பேசும்போது, இறக்கை நுனியில் மடிப்பில்லாத பழைய 747-200 இன் படம் திரையில் வந்தால், அவையில் பத்துப் பேராவது அதைக் கண்டுகொள்வார்கள். அடுத்த சில நிமிடங்கள் பேச்சு அவர்கள் காதில் ஏறாது. அதுபோலவே, இறக்கையின் மேற்புறம் செல்லும் காற்றும் கீழ்ப்புறம் செல்லும் காற்றும் பின்விளிம்பில் ஒரே நேரத்தில் சேர வேண்டும் என்பதால்தான் மேலே காற்று விரைகிறது என்ற பழைய விளக்கத்தை இன்னும் சிலர் சொல்கிறார்கள். அது தவறு, மேற்புறக் காற்று முன்னதாகவே பின்விளிம்பை அடைந்துவிடுகிறது. வரைபடம் இல்லாமல் இதற்குமேல் வானொலியில் விளக்க இயலாது; ஆனால் இந்த அவையில் அந்த விளக்கத்தைச் சொன்னால் உடனே ஒரு கை உயரும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

எனக்குத் தரப்பட்ட நேரம் முடியும் தறுவாயில் இருப்பதால், எஞ்சியவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாநாட்டில் பறத்தல் காட்சியும் இருக்குமாயின் அதன் நேர அட்டவணையை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். விமானம் தலைக்குமேல் செல்லும்போது குரலை உயர்த்திப் போட்டியிடாமல், பேச்சை நிறுத்தி அவையினருடன் நீங்களும் அண்ணாந்து பாருங்கள். தரப்பட்ட நேரத்தில் கால் பங்கைக் கேள்விகளுக்கு ஒதுக்குங்கள். ஒவ்வொரு கேள்வியையும் ஒலிவாங்கியில் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டே விடை கூறுங்கள். பின்வரிசையில் இருப்பவருக்கும் அது கேட்க வேண்டும். நீங்கள் பேசும் விமானத்தை ஓட்டியவரோ பழுதுபார்த்தவரோ அவையில் இருப்பது தெரிந்தால், மீதமுள்ள நிமிடங்களை அவருக்கே கொடுத்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.